வெளிநாட்டு குவாண்டம் லேபோட சேர்ந்து வேலை பாக்கணுமா? ஒரு நல்ல மெயில்ல ஆரம்பிங்க

1924 ஜூன்ல டாக்கா யுனிவர்சிட்டில இருந்த சத்யேந்திரநாத் போஸ், முன்னபின்ன பாத்தே இராத ஐன்ஸ்டீனுக்கு ஒரு லெட்டர் போட்டாரு, கூடவே ஒரு குட்டி பேப்பர். சூடான பொருள் விடற ஒளிய பத்தின பிளாங்க் விதில வர்ற கெழுவ பழைய மின்காந்தவியல தொடாமலே கொண்டு வந்திருக்கேன், எனக்கு ஜெர்மன் அவ்வளவா வராது, தேறும்னு தோணுச்சுன்னா பத்திரிகைல போட ஏற்பாடு பண்ணுங்க, விஷயம் அவ்ளோதான். ஐன்ஸ்டீன் தானே உக்காந்து ஜெர்மன்ல மாத்தி அதே வருஷம் அச்சுல வரவெச்சாரு. ஒளித்துகள் மாதிரியான துகள்கள எண்ணற முறையான போஸ்-ஐன்ஸ்டீன் புள்ளியியல் பொறந்த கதை இதுதான், அப்புறம் போஸ் ரெண்டு வருஷம் பாரிஸ், பெர்லின்னு போயிட்டு வந்தாரு. "வெளிநாட்டு ப்ரொஃபசருக்கு எப்படி மெயில் எழுதறது"ன்னு ஜூனியர் பசங்க கேட்டா நான் முதல்ல காட்டறது இந்த லெட்டரத்தான். என்ன செஞ்சேன், அது உங்க வேலையோட எங்க ஒட்டுது, உங்ககிட்ட என்ன கேக்கறேன், மூணுமே அதுல இருக்கு பாருங்க.

நம்ம ஆளுங்க எழுதறது எப்படின்னா, மார்க்ஷீட்ட ஒட்டி, சின்ன வயசுலருந்தே எனக்கு குவாண்டம்னா உயிருன்னு ஒரு பாரா, அத அப்படியே 40 பேருக்கு தட்டி விடறது. பதில் வராது. ஆராய்ச்சி பேப்பர இலவசமா போடற ஆர்க்ஸிவ் தளத்துல குவாண்டம் பிரிவுல உங்க விஷயத்த ஒட்டி கடைசி ரெண்டு வருஷத்துல வந்த பேப்பர்ல அஞ்சாறு எடுங்க, ஒண்ணையாவது பின்னிணைப்பு வரைக்கும் படிங்க, எங்கயாவது ஒரு வரைபடத்த நீங்களே கம்ப்யூட்டர்ல திரும்பப் போட்டுப் பாருங்க, அப்படி போடும்போது கண்டிப்பா ஒரு இடத்துல இடிக்கும், அந்த இடிக்கற இடம்தான் உங்க மெயில். அதையும் பெரிய தலைக்கு அனுப்பாதீங்க, பேப்பர்ல முதல் பேரா இருக்கற பிஎச்டி ஸ்டூடண்ட்டோ, பிஎச்டி முடிச்சுட்டு ஆராய்ச்சி பண்ற போஸ்ட்டாக்கோ யாருன்னு பாத்து அவங்களுக்கு அனுப்புங்க. டேட்டா அவங்க லேப்டாப்லதான் இருக்கும், பதில் சொல்ல ஆசையும் அவங்களுக்குத்தான் இருக்கும்.

லேபே இல்ல, மெஷின் இல்லன்னு கவலைப்படாதீங்க. மைனஸ் 273 டிகிரிய கிட்டத்தட்ட தொடற டைல்யூஷன் ஃப்ரிட்ஜ், அதாவது குவாண்டம் சிப்ப குளுமையா வைக்கற பெட்டி, செய்யற கம்பெனிய உலகத்துலயே விரல் விட்டு எண்ணிடலாம், அதுக்கு வேணும்ங்கற ஹீலியம்-3 வாயு அத விட அரிது, அதனால பணக்கார நாடே இன்னொரு நாட்டு வாசல்ல போய் நிக்குது. நீங்க கணக்கு, சிமுலேஷன், டேட்டா அனாலிசிஸ் பக்கமா உள்ள நுழைங்க. ஐபிஎம் தன்னோட குவாண்டம் மெஷின்ல 28 நாளைக்கு 10 நிமிஷம் இலவசமா தர்றாங்க. பத்து நிமிஷமான்னு சிரிக்காதீங்க, முன்னாடியே உங்க கம்ப்யூட்டர்ல குவாண்டம் மெஷின் மாதிரி நடிக்கற சிமுலேட்டர்ல ஓட்டிப் பாத்துட்டு போனீங்கன்னா ஒரு சின்ன ரிசல்ட்டுக்கு அது தாராளம்.

எம்ஓயுவ, அதாவது ரெண்டு யுனிவர்சிட்டி போடற புரிந்துணர்வு ஒப்பந்தத்த, நம்பி உக்காராதீங்க, இத நான் கொஞ்சம் அழுத்தியே சொல்லுவேன். ரெண்டு துணைவேந்தர் கை குலுக்கி போட்டோ எடுத்த பேப்பர் பீரோல தூங்கும். வேலை நடக்கறது ரெண்டு ஆளுங்களுக்கு நடுவுல. 2017 செப்டம்பர்ல பெய்ஜிங்குக்கும் வியன்னாவுக்கும் நடுவுல சீனாவோட மிசியஸ் சாட்டிலைட் வழியா குவாண்டம் சாவி (ஒட்டுக் கேட்டா தெரிஞ்சிடற ரகசிய சாவி) வெச்சு வீடியோ கால் பேசினாங்கல்ல, 7,600 கிலோமீட்டர் தூரம், அதுக்குப் பின்னாடி இருந்த பான் ஜியான்வேயும் ஆன்டன் ஸைலிங்கரும் அதுக்கு 20 வருஷம் முன்னாடியே ஆஸ்திரியால ஒரே லேப்ல மாணவரும் வாத்தியாருமா இருந்தவங்க. ரெண்டு நாட்டு கவர்மெண்ட் அப்புறமாத்தான் வந்துச்சு.

காசு எங்கருந்து? ஸ்டூடண்ட்டா இருந்தா இத்தாலில ட்ரியஸ்டே ஊர்ல இருக்கற ஐசிடிபிங்கற இயற்பியல் ஆராய்ச்சி மையம் நடத்தற ஸ்கூலுக்கு (சில வாரப் பயிற்சி வகுப்பு) அப்ளை பண்ணுங்க, வளரும் நாட்டு ஆளுங்களுக்காகவே 1964ல அப்துஸ் சலாம் ஆரம்பிச்ச இடம், செலவுக்கு உதவி கேக்கலாம். பிஎச்டிக்கு சிங்கப்பூரோட குவாண்டம் ஆராய்ச்சி மையம் சிக்யூடி பக்கத்துலயே இருக்கு. போஸ்ட்டாக்னா ஐரோப்பாவோட மேரி கியூரி ஃபெல்லோஷிப், எந்த நாட்டுக்காரரும் போடலாம், ஆனா ஒரு விதி பல பேரு கால வாரிடுது: டெட்லைனுக்கு முந்தின 36 மாசத்துல நீங்க போகப் போற நாட்டுல 12 மாசத்துக்கு மேல இருந்திருக்கக் கூடாது. ஃபேகல்ட்டிக்கு கூட்டு ஆராய்ச்சிக்கு காசு தர்ற அமைப்புங்க இருக்கு: இந்தியாவும் பிரான்ஸும் சேர்ந்து நடத்தற செஃபிப்ரா, இந்தியாவும் ஜெர்மனியும் சேர்ந்து நடத்தற ஐஜிஎஸ்டிசி. ஜெர்மன் பக்கத்து 2+2 திட்டத்துல ரெண்டு நாட்டுலருந்தும் ஒரு ஆராய்ச்சி நிறுவனம், ஒரு கம்பெனின்னு நாலு பேர் வேணும், கம்பெனிய கடைசி வாரத்துல தேடி மாட்டிக்காதீங்க. இங்க 2023ல 6,003 கோடி ரூபாய்ல வந்த தேசிய குவாண்டம் மிஷன்ல குவாண்டம் கம்யூனிகேஷனுக்கான மையம் (ஹப்) ஐஐடி மெட்ராஸ்லதான், உள்ளூர்ல யாரு என்ன பண்றாங்கன்னு பாத்துட்டு அப்புறம் கடல் தாண்டுங்க.

இப்ப யாருக்கும் பிடிக்காத பகுதி. வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே, யார் பேர் எங்க வரும், டேட்டா யார்கிட்ட இருக்கும்னு ஒரு மெயில்லயாவது எழுதி வாங்கிடுங்க. போட்டான், அதாவது ஒளித்துகள், எண்ணற எக்ஸ்பெரிமெண்ட்னா கடைசி வரைபடம் மட்டும் போதாது, ஒவ்வொரு போட்டானும் வந்த நேரம் பதிவான மூல ஃபைலயே கேளுங்க, கோயின்சிடன்ஸ் விண்டோவ (ரெண்டு போட்டான் எவ்ளோ நேர இடைவெளிக்குள்ள வந்தா ஜோடின்னு எண்ணறதுங்கற அளவ) நீங்களா மாத்திப் பாக்க முடியலன்னா நீங்க கூட்டாளி இல்ல, பார்வையாளர்.

அடுத்தது எக்ஸ்போர்ட் கண்ட்ரோல், அதாவது ஏற்றுமதிக் கட்டுப்பாடு. 2024 செப்டம்பர்ல அமெரிக்கா குவாண்டம் கம்ப்யூட்டர், அதோட பாகம், அதிகுளிர் உபகரணம் எல்லாத்தையும் கட்டுப்பாட்டு லிஸ்ட்ல போட்டுச்சு, பிரிட்டன், கனடா, பிரான்ஸ், ஸ்பெயினும் அதுக்கு முன்னாடியே அதே மாதிரி விதி கொண்டு வந்திருந்தாங்க. கட்டுப்பாடு 34 க்யூபிட் (குவாண்டம் கம்ப்யூட்டரோட அடிப்படை அலகு) இருக்கற மெஷின்ல ஆரம்பிக்குது, பிழை அளவையும் சேத்துப் பாப்பாங்க. பப்ளிஷ் பண்ற அடிப்படை ஆராய்ச்சிக்கு பொதுவா விலக்கு இருக்கு, ஆனா கருவி இருக்கற பெட்டி நாடு விட்டு நகர்ந்தாலோ சிப் டிசைன் ஃபைல் மெயில்ல போனாலோ கதை வேற. ஃபைலும் ஏற்றுமதிதான். நம்ம பக்கத்துல இந்தியாவோட ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு லிஸ்டான ஸ்கோமெட் இருக்கு, அதையும் பாத்துக்கோங்க. எங்க குரூப்புக்கு கடனா வந்த ஒரு டிடெக்டர் கஸ்டம்ஸ்ல ஏழு வாரம் கிடந்துச்சு, காரணம் இன்வாய்ஸ்ல "குவாண்டம் டிவைஸ்"னு மொட்டையா எழுதி இருந்தது, அது என்ன, எதுக்கு, திரும்பப் போகுமான்னு யாரும் ஒரு வரி எழுதல. அனுப்பறவங்ககிட்ட இன்வாய்ஸ் ட்ராஃப்ட்ட முன்னாடியே வாங்கிப் படிச்சிடுங்க, இந்த ஒரு வேலைக்கு சோம்பேறித்தனம் ஆகாது.

அப்புறம் வாராந்திர மீட்டிங். ஐரோப்பாக்காரங்களோடன்னா நமக்கு மதியம் ஒன்றரைக்கு வைங்க, அங்க காலை பத்து, ரெண்டு பக்கமும் தூக்கம் கெடாது. அக்டோபர் கடைசி ஞாயிறு அவங்க கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளுவாங்க, நமக்கு அது ரெண்டரை ஆயிடும். நான் மூணு வருஷமா ஒன்றரைக்கே போய் காலி ஸ்க்ரீன பாத்துட்டு உக்காந்திருக்கேன், சாப்பிடாம.