முனைவர் பட்ட ஆய்வு: தலைப்பைக் கேள்வியாக்குவது எப்படி?

அரசியல் அறிவியல் துறையில் முனைவர் பட்டத்துக்குச் சேர்பவர்கள் பலரும் ‘கூட்டணி ஆட்சிகள்’ என்பது போன்ற தலைப்போடு வருகிறார்கள். அதை வைத்து ஆய்வு நகராது. ‘சில கூட்டணி அரசுகள் பதவிக்காலம் முழுக்க நிற்க, சில ஏன் நடுவிலேயே கவிழ்கின்றன?’ என்று விளைவில் உள்ள வேறுபாட்டைக் கேட்டால்தான் விடை தேட முடியும்.

அடுத்து, எந்த அரசுகளை எடுப்பது? அதிகம் சறுக்குவது இங்கேதான். கவிழ்ந்தவற்றை மட்டும் அடுக்கி, எல்லாவற்றிலும் உட்பூசல் இருந்தது, அதுவே காரணம் என்று எழுதிவிடுவார்கள். நிலைத்த அரசுகளிலும் அதே உட்பூசல் இருந்திருக்கலாமே! விளைவைப் பார்த்துப் பொறுக்குவதால் வரும் இந்தப் பிழையை அரசியல் அறிவியல் ஆய்வாளர் பார்பரா கெடஸ் 1990-இல் விரிவாகக் காட்டினார். ஆய்வுத் திட்டங்களில் இன்னும் அது ஓயவில்லை. நிலைத்தவை இரண்டு, கவிழ்ந்தவை இரண்டு எடுங்கள். அவை எந்த நாட்டு அரசுகளோ, அந்த நாட்டு ஆவணங்களைப் படிக்கும் மொழியறிவு இல்லையென்றால் வேறு நாட்டைப் பாருங்கள்.

வரையறையை முதலிலேயே எழுதிவையுங்கள். பிரதமர் மட்டும் மாறி அதே கட்சிகள் தொடர்ந்தால், அது கவிழ்ந்ததா? எப்படி முடிவெடுத்தாலும் சரி, தரவைப் பார்த்தபின் மாற்றக்கூடாது. எடுத்துக்காட்டாக, உலகெங்கும் நடக்கும் சண்டைகளைப் பட்டியலிடும் உப்சாலா பல்கலைக்கழகத்தின் மோதல் தரவுத்தொகுப்பில், அரசு ஒரு தரப்பாக உள்ள சண்டையில் ஆண்டுக்குக் குறைந்தது 25 பேர் இறந்தால் ‘ஆயுத மோதல்’, 1,000 பேர் என்றால் ‘போர்’. கோட்டை எங்கே போடுகிறோமோ, அதற்கேற்பப் பட்டியலும் மாறும்.

சட்டமன்ற உரைகளை வகைப்படுத்துவதென்றால், பத்தில் ஒரு பங்கையாவது இருவர் தனித்தனியே படித்து, எந்த வகை என்று குறிக்கட்டும். ஒத்துப்போன விழுக்காட்டை மட்டும் நம்ப வேண்டாம். பத்தில் ஒன்பது உரைகள் ஒரே வகையென்றால், இருவரும் படிக்காமலேயே அந்த விகிதத்தில் குறித்தாலும் 82 விழுக்காடு பொருந்திவிடும். தற்செயலைக் கழித்துக் கணக்கிடும் கிரிப்பன்டார்ஃப் ஆல்ஃபா என்ற அளவீட்டைப் பயன்படுத்துங்கள்; முழுக்க ஒத்துப்போனால் அது 1. 0.80-க்கு மேல் வந்தால் நல்லது, 0.667-க்குக் கீழே போனால் வகைகளின் விளக்கத்தைத் திருத்தி, புதிய உரைகளில் மறுபடி சோதிக்க வேண்டும். குறித்தவர்களை உட்காரவைத்து ஒத்துப்போகச் செய்வது ஏமாற்று வேலை.

நேர்காணல் உண்டென்றால், முதல் ஆளைச் சந்திக்கும் முன்பே பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கையில் இருக்க வேண்டும்; பின்தேதியிட்டு யாரும் தரமாட்டார்கள். விண்ணப்பம் திருத்தத்துக்குத் திரும்பி வருவது வழக்கம்தான், ஆகவே பயணச்சீட்டை ஒப்புதல் வந்தபிறகு எடுங்கள். நேர்காணல் தந்தவர்களின் பெயர்ப் பட்டியலையும் உரையாடல் பதிவுகளையும் ஒரே கணினியில் வைக்காதீர்கள்.