வெளிநாடு கிளம்பும் முன்பே ஊர் சிம்மில் ரோமிங் போட்டுவிடுங்கள்

திருச்சியில் விமானம் ஏறும் முன்பே ஊர் சிம்மில் இன்டர்நேஷனல் ரோமிங்கைப் போட்டு, போனில் இரண்டாவது சிம்மாக வைத்துக் கூடவே எடுத்துப் போங்கள், டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிடுங்கள். போன புதிதில் வாடகை முன்பணத்துக்கு ஊர்க் கணக்கிலிருந்து பணம் அனுப்புவது, கும்பகோணத்து வீட்டுக்குக் கரண்ட் பில் கட்டுவது எல்லாவற்றுக்கும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும், குறுஞ்செய்தி வருவதற்குப் பொதுவாகக் காசும் கிடையாது. அங்கே போய்ச் சேர்ந்த பிறகு ரோமிங் போடப் பார்த்தால், அதற்கே ஓடிபி கேட்டு நிற்கும்.

நம் பக்கம் நிறைய பேர் சிம்மை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள், தயவுசெய்து அது வேண்டாம். சிங்கப்பூரில் காலை 7 மணிக்கு அவசரம் என்றால் இங்கே விடியற்காலை 4.30, அதோடு ஓடிபியை போனில் கேட்டுச் சொல்லும் பழக்கம் வீட்டில் பெரியவர்களுக்கு வந்துவிட்டால் ஏமாற்றுக்காரர்களுக்கு வசதியாகிவிடும். அப்புறம் ரீசார்ஜை விட்டுவிடாதீர்கள். பயன்பாடே இல்லாமல் 90 நாள் கிடந்தால் எண் பறிபோகலாம்.

வங்கிக் கணக்கை என்.ஆர்.ஓ.வாக, அதாவது வெளிநாட்டில் வசிப்பவர்கள் இந்தியாவில் வைத்துக்கொள்ளும் கணக்காக மாற்றி, வங்கியும் வெளிநாட்டு எண்ணைப் பதிந்துகொண்டால் வங்கி வேலைக்கு இது தேவையில்லை, ஆதார் ஓடிபிக்கு மட்டும் ஊர் எண் வேண்டும்.