கோடைப் பயணம்: சென்னை மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செமஸ்டர் கடைசித் தேர்வு முடிந்த கையோடு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும் என்ற ஆசை நியாயமானது. மாதக்கணக்கில் படித்துச் சலித்த மனசுக்குப் புது ஊரும் புதுக் காற்றும் வேண்டும். ஆனால் போனதைவிடக் களைத்துத் திரும்புகிறவர்கள் பலர். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: கையில் இருக்கும் நாளுக்கு மீறி ஊர்களை அடுக்குவது. நான்கு நாளில் ஊட்டி, கொடைக்கானல், மூணாறு என்று திட்டம் போட்டால் பாதிப் பொழுது பேருந்து இருக்கையிலேயே கழியும். மலைப்பாதையில் 50 கி.மீ. போக இரண்டு மணி நேரம் சாதாரணமாகப் பிடிக்கும். நான்கு நாள் இருந்தால் ஒரே ஊர், ஒரு வாரம் இருந்தால் இரண்டு ஊர். இதை முதலில் முடிவு செய்துவிட்டு மற்றதைப் பார்க்கலாம்.

மலை என்றாலே குளிர் என்று நம்புவது

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் நடக்கும் பெரிய தவறு இதுதான். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி செல்சியஸ் குறையும். ஏலகிரியின் உயரம் சுமார் 1,100 மீட்டர். அடிவாரத்து ஜோலார்பேட்டையே சுமார் 400 மீட்டரில் இருக்கிறது. மே மாதத்தில் அங்கே 40 டிகிரி அடித்தால், மேலே நண்பகலில் 35 டிகிரி இருக்கும். சென்னையின் புழுக்கத்துக்கு இது தேவலாம்தான், ஸ்வெட்டர் போடும் குளிர் இல்லை. கொல்லிமலையும் ஏறக்குறைய இதே கதை. ஏற்காடு இவற்றைவிடக் கொஞ்சம் உயரம், ஆகவே கொஞ்சம் இதம். நண்பகலிலும் வெயில் உறைக்காத இடம் வேண்டுமென்றால் 1,800 மீட்டருக்கு மேல் போக வேண்டும்: குன்னூர், ஊட்டி, கொடைக்கானல். ஊட்டி 2,240 மீட்டரில் இருக்கிறது. மே மாதத்திலும் இரவில் கம்பளி இல்லாமல் தூங்க முடியாது.

ஏலகிரியை ஒதுக்கச் சொல்லவில்லை. அங்கே போகிறவர் காலையையும் மாலையையும் நம்பிப் போக வேண்டும். சென்ட்ரலில் காலை 6 மணியை ஒட்டிக் கிளம்பும் கோவை எக்ஸ்பிரஸில் ஜோலார்பேட்டைக்கு மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். இரவு ரயிலைப் பிடித்தால் நடுச்சாமத்தில் இறங்கி, விடியும்வரை நடைமேடையில் கொசுக்கடியோடு உட்கார வேண்டியதுதான். குறைந்த செலவில் ஓர் இரவு தங்கிவர ஏலகிரி போதும்.

ஊட்டிக்குப் போகிறவர்கள் மே மாதத்து மலர்க் கண்காட்சி வாரத்தைத் தவிர்ப்பது நல்லது. அறை வாடகை எகிறும், சாலை நகராது. அந்த நாள்களில்தான் போக முடியும் என்றால் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்குப் பேருந்து ஏறுங்கள். ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே நடை, கூட்டமும் குறைவு. மேட்டுப்பாளையம் வரை சென்ட்ரலிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவில் கிளம்பி விடிகாலையில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து காலை 7 மணிக்குச் சற்றுப் பிறகு ஊட்டிக்கு மலை ரயில் புறப்படும். 46 கி.மீ. போக ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதற்கும் முன்பதிவு செய்துவிட வேண்டும். நேரில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பிப் போகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

இன்னொன்று, சீசன் தெரியாமல் போவது. குற்றால அருவிகளில் தண்ணீர் கொட்டுவது தென்மேற்குப் பருவமழைக் காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. ஏப்ரலில் போனால் ஈரமில்லாத பாறையைப் பார்த்துவிட்டு வரலாம். வேடந்தாங்கலில் பறவைகள் நவம்பர் முதல் மார்ச் வரைதான்.

டிக்கெட்டைத் தேர்வு முடிந்த பிறகு தேடுவது

ரயில் முன்பதிவு 60 நாள் முன்பு, காலை 8 மணிக்குத் திறக்கிறது. முன்பு 120 நாளாக இருந்ததை 2024 நவம்பரில் குறைத்தார்கள். மே 10 பயணம் என்றால் மார்ச் 11 காலையில் பதிவு செய்ய வேண்டும். தேர்வு அட்டவணை வரட்டும் என்று காத்திருந்தால் கோடை ரயில்களில் வெயிட்டிங் லிஸ்ட்தான் மிஞ்சும். உத்தேசத் தேதிக்கு எடுத்து வைத்து, தேதி மாறினால் நாள்கள் இருக்கும்போதே ரத்து செய்துவிடலாம். ஸ்லீப்பரில் தலைக்கு 120 ரூபாய் பிடிப்பார்கள். கடைசி நேரத் தட்கலுக்கும் ஆம்னி பஸ்ஸுக்கும் கொடுப்பதைவிட அது குறைவு.

தட்கல் முன்பதிவு பயணத்துக்கு முந்தைய நாள் திறக்கும்: ஏசி வகுப்புக்குக் காலை 10 மணி, மற்றவற்றுக்கு 11 மணி. 2025 ஜூலையிலிருந்து இணையத்தில் தட்கல் எடுக்க, கணக்கு ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். இந்த வேலையை ஒரு வாரம் முன்பே முடித்து வையுங்கள், 10.59-க்கு ஓ.டி.பி.யோடு மல்லுக்கட்ட வேண்டாம். உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது. இணையத்தில் எடுத்த டிக்கெட், பயணிகள் பட்டியல் (சார்ட்) தயாரான பிறகும் முழுக்க வெயிட்டிங் லிஸ்ட்டிலேயே நின்றால் அது தானாகவே ரத்தாகிவிடும். அதை வைத்துக்கொண்டு ஏறினால் டிக்கெட் இல்லாத பயணம்தான். ஆர்.ஏ.சி. என்றால் ஏறலாம், உட்கார இடம் உண்டு.

தென் மாவட்டங்களுக்குச் செல்லும் அரசு விரைவுப் பேருந்துகள் இப்போது கிளாம்பாக்கத்திலிருந்து புறப்படுகின்றன. பழக்கத்தில் கோயம்பேட்டுக்குப் போய் நிற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வடசென்னையிலிருந்து கிளாம்பாக்கம் போக, மாலை நெரிசலில் இரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும்.

சொந்த வண்டியிலோ வாடகைக் காரிலோ ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிறவர்களுக்கு இ-பாஸ் தேவை. 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவால் வந்த முறை இது. 2025 கோடையில் ஊட்டிக்கு வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள். அரசுப் பேருந்தில் போனால் இந்தத் தொல்லை இல்லை. நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது. எவர்சில்வர் பாட்டில் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள்.

பத்து மணிக்கு எழுந்து ஊர் சுற்றக் கிளம்புவது

சமவெளி ஊர்களுக்குப் போகிறவர்கள் செய்யும் தவறு இது. மாமல்லபுரம், தஞ்சாவூர், தரங்கம்பாடி எல்லாம் கோடையிலும் பார்க்கத் தகுந்தவைதான், நேரம்தான் முக்கியம். மாமல்லபுரத்துச் சின்னங்களைக் காலை 6 மணிக்கே திறந்துவிடுகிறார்கள். பெரும்பாலான கோயில்களில் நண்பகலில் நடை சாத்தி மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். அப்போதும் கல்தளம் வெறுங்காலைச் சுடும். ஐந்தரை மணிக்கு எழுந்து, பத்துக்குள் அறைக்குத் திரும்பி, சாப்பிட்டுத் தூங்கி, நாலரைக்கு மேல் மறுபடி கிளம்புவதுதான் கோடைக்குப் பொருந்தும் ஒழுங்கு. பகல் தூக்கத்தை வீணாய்ப் போன நேரமென்று நினைக்க வேண்டாம். தேர்வுக் காலம் முழுக்கக் கெட்ட தூக்கம் அங்கேதான் ஈடாகிறது.

தண்ணீரைக் கண்டதும் குதிப்பது

இதைச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டும். ஒவ்வொரு கோடையிலும் உயிர்கள் போவது இங்கேதான். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளத்தில் 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். குளிக்கும் இடத்தில் மழை இல்லாவிட்டாலும், மேலே மலையில் பெய்த மழை சில நிமிடத்தில் இறங்கிவிடும். தெளிந்த தண்ணீர் திடீரெனக் கலங்குவது, சருகும் குச்சியும் மிதந்து வருவது, இரைச்சல் கூடுவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் துணியையும் செல்போனையும் தேடாமல் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும்.

கடலில் வேறு ஆபத்து. அலைகள் உடையும் வரிசைக்கு நடுவே ஓரிடம் மட்டும் அலையில்லாமல், கொஞ்சம் கருத்த நிறத்தில் அமைதியாகத் தெரிந்தால், கரைக்கு வந்த தண்ணீர் உள்ளே திரும்பும் நீரோட்டம் அது. பாதுகாப்பானதுபோல் தெரிவதால்தான் அங்கே இறங்குகிறார்கள். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுச் சோர்ந்துவிடக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்தைவிட்டு வெளியே வந்த பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். நீந்தத் தெரியாதவர் முழங்காலுக்கு மேல் இறங்கவே வேண்டாம். பாறைக் குட்டைகளில் தலைகீழாகப் பாய்வது யாருக்கும் வேண்டாம்.

காடேறுவதிலும் இதே கவனம் வேண்டும். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கி இறந்தவர்களில் சென்னையிலிருந்து போனவர்களும் உண்டு. வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ தளத்தில் 40 பாதைகளுக்கு முறையான அனுமதியும் வழிகாட்டியும் கிடைக்கின்றன. காட்டுத்தீக் காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள். அப்போது வேறு யாரோ அழைத்துப்போகிறேன் என்றால் போகாதீர்கள்.

உடம்பைக் கவனிக்காமல் விடுவது

ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் கொஞ்சம் எடுத்து ஒரு டம்ளரில் கலப்பது தவறு, உப்பின் அளவு மாறிவிடும். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கரைத்து ஒரு நாளைக்குள் குடிக்க வேண்டும். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். வெயிலில் நின்றவர் உளறினாலோ, தள்ளாடினாலோ வாயில் எதையும் ஊற்றாமல், நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பை ஈரத்துணியால் நனைத்து, விசிறிவிட்டு, 108-ஐ அழையுங்கள்.

கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டல் வருகிறவர்கள் (கொல்லிமலையில் 70 வளைவுகள்) பேருந்தின் முன்பக்கம் உட்கார்ந்து தூரத்துச் சாலையைப் பார்க்க வேண்டும், செல்போனைக் குனிந்து பார்க்கக் கூடாது. வெறும் வயிறும் ஆகாது, பரோட்டா சால்னாவும் ஆகாது. இரண்டு இட்லி சரியாக இருக்கும்.

மலையூர்களில் சிக்னல் போனால் ஜி-பேயும் போய்விடும். பத்து, இருபது, ஐம்பது நோட்டுகளாக ஆயிரம் ரூபாயாவது பையில் இருக்கட்டும். லாட்ஜில் ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டை கேட்பார்கள். நண்பர் கூட்டத்தில் பதினெட்டு நிரம்பாதவர் இருந்தால் அறை தர மறுப்பதும் உண்டு. முன்பே தொலைபேசியில் கேட்டுவிட வேண்டும்.

திரும்பும் டிக்கெட்டை ஞாயிறு இரவுக்குப் போடாதீர்கள். திங்கள் விடிகாலையில் பெருங்களத்தூர், தாம்பரம் வழியே நகருக்குள் நுழைவதே தனிப் பாடு. விடுமுறையில் இருக்கும் மாணவருக்கு வார நாள் ஒரு சலுகை: செவ்வாய் போய் வெள்ளி காலை திரும்பினால் ரயிலில் இடமும் கிடைக்கும், அறை வாடகையும் குறையும், வார இறுதிக் கூட்டம் மலையேறும் முன் நீங்கள் இறங்கிவிடலாம்.