பெங்களூருக்கு ஆடு மாடு ஏற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளிச் சந்தையிலும் ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தையிலும் பிடித்த ஆடுகள், ஓசூர், அத்திப்பள்ளி தாண்டி சிவாஜிநகருக்கோ டேனரி ரோட்டுக்கோ வந்து சேர மூன்று நான்கு மணி நேரம் ஆகும். "கொஞ்ச தூரம்தானே" என்ற நினைப்பில்தான் முக்கால்வாசித் தவறுகளும் நடக்கின்றன. ஒரு ஆடு மூச்சு முட்டிச் சாக அவ்வளவு நேரம் தேவையில்லை.

பெரிய தவறு எண்ணிக்கையில் இருக்கிறது. "நெருக்கி நிறுத்தினால் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும், விழாது" என்று சந்தையில் சொல்வார்கள். பிரேக் போட்டதும் பின்னால் நிற்பவை எல்லாம் முன்பக்கம் சாயும். அதில் ஒன்று கால் மடங்கிக் கீழே போய்விட்டால், நெருக்கத்தில் அதற்கு எழுந்திருக்க இடமில்லை. மற்றவை அதன்மேலேயே நிற்கும். இறக்கும்போது முன் மூலையில் செத்துக் கிடக்கும் உருப்படி பெரும்பாலும் இப்படிப் போனதுதான். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி ஆடு ஒன்றுக்கு 0.3 சதுர மீட்டரும், மாடு அல்லது எருமைக்கு 2 சதுர மீட்டரும் விட வேண்டும். அடிக்கணக்கில் ஆட்டுக்குச் சுமார் 3.2, மாட்டுக்கு 21.5 சதுர அடி. வண்டியின் உட்பக்கத்தை டேப் வைத்து அளந்து பாருங்கள். 7 அடிக்கு 5 அடி இருக்கும் குட்டி யானையில் 35 சதுர அடி, அதாவது பத்து ஆடு. 14 அடிக்கு 6 அடி லாரியில் மூன்று மாடு. லாரி எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஆறு மாட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது என்கின்றன 1978-ஆம் ஆண்டின் கால்நடைப் போக்குவரத்து விதிகள். பெரிய வண்டியில் ஆடு ஏற்றினால் இரண்டு மூன்று மீட்டருக்கு ஒரு குறுக்குத் தடுப்பு வேண்டும். வாடகை கட்டாது என்பவர்கள், ஒரு ஆடு செத்தால் போகும் பணத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்துப் பார்க்கட்டும்.

அடுத்தது தளம். வெறும் இரும்புத் தகட்டில் மூத்திரமும் சாணமும் சேர்ந்தால் குளம்புக்குப் பிடிமானமே கிடையாது. வழுக்கிக் கால் விரிந்த மாடு சில சமயம் மறுபடி எழுவதே இல்லை. சாக்கு விரிப்பதும் உதவாது, சுருண்டு காலில் சிக்கும். தென்னை நார்ப் பாயை ஓரங்களில் இறுக்கிக் கட்டி, அதன்மேல் வைக்கோல் பரப்புங்கள். ஆட்டுக்கு வைக்கோல் 5 செ.மீ. கனமாவது இருக்க வேண்டும். பின்கதவுக்கும் தளத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியில் கையை விட்டுப் பாருங்கள். கை நுழைகிற இடத்தில் ஆட்டுக் காலும் நுழைந்து ஒடியும்.

ஏற்றும்போது வாலை முறுக்குவது, ஆட்டைக் கொம்பையோ காதையோ பிடித்துத் தூக்குவது, மாட்டைக் கீழேயிருந்து தாவ வைப்பது எல்லாமே கொடுமை. தளம் மூன்றடி உயரம் என்றால் ஒன்பதடி நீளச் சாய்பலகை போதும். அதில் ஓர் அடிக்கு ஒரு குறுக்குச் சட்டம் அடித்தால் மிரளாமல் தானே ஏறும். ஆட்டின் காலைக் கட்டவே கூடாது. மாட்டை மூக்கணாங்கயிற்றில் கட்டினால் ஒரே பிரேக்கில் மூக்கு கிழியும். கழுத்துக் கயிற்றில், இழுத்தால் உடனே அவிழும் முடிச்சாகப் போடுங்கள். முகம் இன்ஜின் பக்கம் இருக்கட்டும். நிறைசினையை இளங்கன்றுகளோடும், கிடாக்களைப் பெட்டைகளோடும் கலக்காதீர்கள்.

சந்தையில் எடை தெரியட்டும் என்று மக்காச்சோளத்தை வயிறு முட்டப் போட்டு அப்படியே ஏற்றினால் வழியில் வயிறு உப்பும். இடப்பக்க விலா மத்தளம்போல் விம்மியிருந்தால் அதுதான். காய்ந்த கடலைக்கொடி அல்லது சோளத்தட்டையும், வெறும் தண்ணீரும் கொடுத்து ஏற்றுங்கள்.

வெயிலை விட, நிற்கும் வண்டி ஆபத்து. ஓடும்வரை காற்று கிடைக்கும். எலக்ட்ரானிக் சிட்டி தாண்டி சில்க் போர்டு சந்திப்பில் அரை மணி நேரம் நின்றால் உள்ளே வெக்கை ஏறிவிடும். அதிலும் யார் கண்ணிலும் படாமல் இருக்க நாலு பக்கமும் தார்ப்பாய் போர்த்திய வண்டி என்றால் மூத்திர நெடியும் சேர்ந்து கண்ணை எரிக்கும். தார்ப்பாய் கூரைக்கு மட்டும் போதும், பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். இரவில் கிளம்பி, விடிவதற்குள் அத்திப்பள்ளி தாண்டப் பாருங்கள். டீ குடிக்க நிறுத்தினால் மர நிழலில், காற்று குறுக்கே வீசும்படி நிறுத்துங்கள். வாயைத் திறந்து, நாக்கைத் தள்ளி இரைக்கிற ஆட்டை உடனே இறக்கி நிழலில் விட்டு, காலிலும் வயிற்றிலும் தண்ணீர் ஊற்றுங்கள்.

பயணத்துக்குத் தகுதியானவை என்று கால்நடை மருத்துவர் தரும் சான்று, முதலுதவிப் பெட்டி, டிரைவர் தவிர கூட ஓர் ஆள், கால்நடை ஏற்றுவதற்கான ஆர்டிஓ லைசென்ஸ் இல்லாமல் கிளம்பாதீர்கள். மாடு என்றால் கர்நாடகத்தின் 2020 பசுவதைத் தடுப்புச் சட்டத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வந்து சேர்ந்ததும் தூக்கி எறிந்து இறக்குவது கடைசித் தவறு. இங்கேயும் அதே சாய்பலகையைப் போடுங்கள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டி, நிழலில் படுக்க விடுங்கள். வளர்க்க வாங்கியவர்கள் புது ஆடுகளை 21 நாள் தனியாகக் கட்டுங்கள். ஆட்டுக்கொல்லி நோய் வண்டியிலேயே தொற்றியிருந்தாலும் இந்த நாட்களுக்குள் காய்ச்சல், சளி, கழிச்சல் என்று வெளியே தெரிந்துவிடும்.