காயலான் கடை டிசி சர்வோ மோட்டாரை இனங்கண்டு சோதிக்கும் முறை

வியாசர்பாடி, தண்டையார்பேட்டைப் பக்கத்துக் காயலான் கடைகளில், பழைய சிஎன்சி இயந்திரங்களிலிருந்து (கணினி கட்டுப்பாட்டில் உலோகம் கடையும் இயந்திரங்கள்) கழற்றிய சர்வோ மோட்டார்கள், அதாவது வேகத்தையும் நிலையையும் துல்லியமாகக் கட்டுப்படுத்தக்கூடிய மோட்டார்கள், பெயர்த்தகடு இல்லாமல் எடைக்குக் கிடைப்பதுண்டு. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பேட்டரியில் தொட்டுப் பார்க்கக் கை துறுதுறுக்கும். ஆனால் மின்சாரம் கொடுப்பதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ள வேண்டும்.

மோட்டாரின் பின்பகுதியில் எதிரெதிராக இரண்டு அல்லது நான்கு மூடிகள் திருகப்பட்டிருந்து, ஒன்றைக் கழற்றினால் ஸ்பிரிங்குடன் பிரஷ் எனப்படும் கார்பன் துண்டு வெளியே வருமானால், அது பிரஷ் உள்ள டிசி மோட்டார். கார்பன் எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ அப்படியே அதைத் திரும்பப் போட வேண்டும். மூடிகளே இல்லாமல், எர்த் நீங்கலாகத் தடித்த ஒயர்கள் மூன்று வந்து, எந்த இரண்டை அளந்தாலும் ஒரே ஓம் காட்டினால், அது டிரைவ் என்ற மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவி இல்லாமல் ஓடாத பிரஷ்லெஸ் வகை. இங்கே சொல்லும் பேட்டரிச் சோதனை அதற்குப் பொருந்தாது.

பிரஷ் உள்ள மோட்டாரில் தடித்த இரண்டு ஒயர்கள் ஆர்மேச்சருடையவை, அதாவது உள்ளே சுழலும் சுருளுடையவை. அவற்றுக்கிடையே பெரும்பாலும் சில ஓம்களோ அதற்கும் குறைவோதான் இருக்கும் என்பதால், மீட்டர் ஒயரின் சொந்த ஓமைக் கழித்துவிட வேண்டும். ஷாஃப்டை மெதுவாகச் சுற்றும்போது அளவு சற்று ஏறி இறங்குவது இயல்பு. ஓரிடத்தில் இணைப்பு முற்றிலும் அறுந்துபோனால் கார்பன் தேய்ந்திருக்கலாம், அல்லது கார்பன் உரசும் செப்பு வளையமான காமுட்டேட்டர் அழுக்காகியிருக்கலாம். மெல்லிய ஜோடி ஒன்று ஷாஃப்டைக் கையால் சுழற்றும்போது டிசி வோல்ட் காட்டினால் அது வேகத்தை அளக்கும் டேக்கோ. சுழற்றினாலும் வோல்ட் தராமல் ஓம் மட்டும் காட்டும் ஜோடி, மின்சாரம் இல்லாதபோது ஷாஃப்டைப் பிடித்துக்கொள்ளும் பிரேக்காக இருக்கலாம். 24 வோல்ட், 10 வாட் பிரேக் சுருள் ஏறக்குறைய 58 ஓம் காட்டும். ஷாஃப்ட் அசையவில்லையென்றால் சுத்தியலை எடுக்காமல், அந்த ஜோடிக்கு 24 வோல்ட் கொடுத்து ‘டக்’ என்ற ஓசை வருகிறதா என்று கேட்க வேண்டும்.

அதிகம் பாழாவது, ஷாஃப்டின் நிலையைச் சொல்லும் என்கோடர்தான். ஒயர் நிறங்களை நம்பி 5 வோல்ட் கொடுப்பது சூதாட்டம், ஏனென்றால் நிறங்களுக்குப் பொதுவான ஒழுங்கு கிடையாது. பின்மூடியைத் திறந்து, கண்ணாடித் தட்டைத் தொடாமல், போர்டில் 26எல்எஸ்31 என்ற 16 கால் ஐசி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அதன் 16ஆம் கால் பிளஸ், 8ஆம் கால் கிரவுண்டு. அந்தக் கால்களிலிருந்து ஒயர்வரை மீட்டரின் பஸ்ஸரில் தேடிச் சென்றால் சப்ளை ஒயர்கள் ஐயமின்றித் தெரிந்துவிடும்.

காசிமேடு, எண்ணூர்ப் பக்கத்து உப்புக்காற்றில் கிடந்த மோட்டாரில் கார்பன் தூளும் ஈரமும் சேர்ந்து உடலுக்கு லீக் காட்டும். என்கோடர் இணைப்பைக் கழற்றிவிட்டு, ஆர்மேச்சருக்கும் உடலுக்கும் இடையே மட்டும் 500 வோல்ட் மெக்கரில் (மின்காப்பை அளக்கும் மீட்டர்) அளக்க வேண்டும். 1 மெகாஓமுக்குக் கீழே வந்தால் தூளை நீக்கி, 100 வாட் குண்டு பல்பின் சூட்டில் ஓரிரவு உலர்த்தி மறுபடி அளக்கலாம். சுத்தம் செய்கிறோம் என்று ஆர்மேச்சரை மட்டும் உருவிவிடக் கூடாது, ஏனெனில் பழைய அல்னிகோ காந்தங்கள் அதனாலேயே வலுவிழந்துவிடும்.

மோட்டாரின் வோல்டேஜை அறிய, ஷாஃப்டை லேத் சக்கில் பிடித்து, உடல் சுழலாமல் தடுத்து, தெரிந்த வேகத்தில் சுற்றித் தடித்த ஒயர்களில் டிசி வோல்ட்டை அளக்க வேண்டும். 500 ஆர்பிஎம்மில் 10 வோல்ட் வந்தால் 1000 ஆர்பிஎம்முக்கு 20 வோல்ட். அதாவது 60 வோல்ட் கொடுத்தால் சுமையில்லாமல் ஏறக்குறைய 3000 ஆர்பிஎம் ஓடும். அந்த 20ஐ 0.00955ஆல் பெருக்கினால், ஓர் ஆம்பியருக்குக் கிடைக்கும் திருப்புவிசை ஏறக்குறைய 0.19 நியூட்டன் மீட்டர்.

இப்போது மின்சாரம் கொடுக்கலாம். மோட்டாரை வைஸில் இறுக்கி, பிரேக் இருந்தால் அதற்கு 24 வோல்ட்டைத் தொடர்ந்து கொடுத்து, 12 வோல்ட் கார் பேட்டரியுடன் 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றைச் சீரிஸில் இணைக்க வேண்டும். அரை ஓம் ஆர்மேச்சர் நேரடியாக 24 ஆம்பியர் இழுக்கக்கூடும். பல்பு அதைத் தடுக்கும். நல்ல மோட்டாரில் பல்பு பளிச்சென்று எரிந்து, வேகம் ஏற ஏற மங்கும். மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் பேரிங் இறுகியிருக்கிறது அல்லது ஆர்மேச்சர் ஷார்ட்டாகியிருக்கிறது. ஒயர்களை மாற்றிப் போட்டு எதிர்த்திசையிலும் ஓட்டி, இரு திசைகளிலும் கரண்ட் ஏறக்குறைய சமமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரிதாக வேறுபட்டால், பிரஷ் பிடிப்பானை யாரோ முன்பு கழற்றி இடம் மாற்றிப் பூட்டியிருக்கிறார்கள் என்று ஐயப்படலாம்.