துபாயில் நிலா பார்க்க: காலண்டரில் திதி பாருங்கள்

நிலா பார்க்கப் பலரும் பௌர்ணமிக்குத்தான் காத்திருப்பார்கள். துபாயில் அன்று அல் குத்ரா பாலைவனப் பக்கம் காரைக் கிளப்புவோரும் உண்டு. உதிக்கும்போது அழகுதான். ஆனால் நிலவின் தரையைப் பார்க்க அதைவிட மோசமான இரவு கிடையாது. வெயில் நேராக விழுவதால் பள்ளங்களுக்கு நிழலே இருக்காது. வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் விளிம்பைப் பாருங்கள்; அங்கேதான் பள்ளமும் மலையும் எழுந்து நிற்கும்.

1. நாள். அந்த விளிம்பு ஒரு திதிக்கு சுமார் 12 டிகிரி நகர்கிறது. அதனால் வீட்டில் தொங்கும் தினசரி காலண்டரே போதும். வளர்பிறைப் பஞ்சமி முதல் தசமி வரை நல்ல நாட்கள். காலண்டரில் இருப்பது இந்திய நேரம். திதி முடியும் நேரத்தில் ஒன்றரை மணி நேரத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

2. இடம். நிலவுக்கு நகர வெளிச்சம் தடையே இல்லை. கராமாவிலோ தேராவிலோ மேற்கு பார்த்த பால்கனி போதும். தடை புழுதிதான். அடிவானத்தை ஒட்டி அது கனமாக இருக்கும். நிலா உயரத்தில் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள். மார்ச் மாதத்தில் அரைநிலா மாலையில் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே வரும். என்னைக் கேட்டால் ஆண்டிலேயே சிறந்த சமயம் அதுதான். செப்டம்பரில் அதே அரைநிலா தெற்கே தாழ்ந்து கிடக்கும், ஈரப்பதமும் வாட்டும்.

3. கருவி. 10×50 பைனாகுலர் (10 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 50 மி.மீ.), சாய்ந்துகொள்ள ஒரு சுவர். கோடையில் ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்ததும் கண்ணாடி பனித்துவிடும். துடைக்காதீர்கள்; பையோடு அரைமணி நேரம் வெளியே வைத்தால் தானே தெளியும். சூரியன் முழுதாக மறையும் முன் கண்ணில் வைக்கவே கூடாது.

4. பார்ப்பது. பஞ்சமியன்று பிறை படகு போல் மேற்கே சாய்ந்திருக்கும். அதன் வலது கொம்புப் பக்கம், இருட்டு விளிம்பை ஒட்டி அருகருகே இரண்டு குழிகள்: அட்லஸ், ஹெர்குலிஸ். அட்லஸின் அகலம் சுமார் 87 கிலோமீட்டர். துபாயில் உருவான ராஷித் என்ற நிலவு ஊர்தி, ஜப்பானிய நிறுவனம் ஒன்றின் தரையிறங்கு கலத்தில் இறங்கவிருந்தது இங்கேதான். 2023 ஏப்ரலில் கடைசிக் கட்டத்தில் கலம் விழுந்து நொறுங்கியது. ஊர்தியைக் கட்டிய ஊரிலிருந்தே அந்த இடத்தைப் பார்க்கும்போது மனம் கொஞ்சம் கனக்கத்தான் செய்கிறது.

சஷ்டியில் தியோபிலஸ் பள்ளம், அஷ்டமியில் அப்பெனைன் மலைத்தொடர், தசமியில் கோப்பர்னிகஸ் பள்ளம். ஒரு நாள் முன்பின் ஆகலாம்.

5. தேய்பிறை. தினமும் சுமார் 50 நிமிடம் தாமதமாக நிலா உதிக்கும். சங்கடஹர சதுர்த்தி விரதம் இருப்பவர்கள் எப்படியும் அன்றிரவு நிலவைப் பார்ப்பார்கள். தரிசனம் முடிந்ததும் பைனாகுலரை எடுங்கள். அன்று அட்லஸில் சூரியன் மறையும் நேரம். பஞ்சமியில் பார்த்த நிழல்கள் எதிர்ப்பக்கம் விழுந்திருக்கும்.