ஆன் ஃபிராங்க் நாட்குறிப்பை வகுப்பில் நடத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"யூதர்கள் அப்படி என்னதான் செய்தார்கள், சார்?" நாஜிகளுக்கு அஞ்சி ஆம்ஸ்டர்டாமில் ஒளிந்திருந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க் எழுதிய இந்த நாட்குறிப்பை நடத்தினால் யாராவது ஒரு மாணவர் இதைக் கேட்காமல் இருக்கமாட்டார். "வட்டிக்கு விட்டார்கள், வியாபாரத்தில் கொழித்தார்கள், அதனால் பொறாமை" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்வதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. நாஜிகள் குத்திய முத்திரையை ஆசிரியரே இன்னொரு முறை குத்தியதாகிவிடும்.

சரி, என்ன சொல்லலாம்? பழிபோட யாருக்கு ஆள் தேவைப்பட்டது என்று திருப்பிக் கேளுங்கள். 1918இல் ஜெர்மனி போரில் தோற்றது. ராணுவத் தலைமை பொறுப்பேற்கவில்லை. உள்ளே இருந்தவர்களே முதுகில் குத்திவிட்டார்கள் என்று ஒரு கதை கிளம்பியது. சோஷலிஸ்டுகள் மேலும் யூதர்கள் மேலும் பழி விழுந்தது. யூதர்களோ அந்நாட்டில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அதே போரில் ஜெர்மன் ராணுவத்தில் சுமார் ஒரு லட்சம் யூதர்கள் இருந்தார்கள். ஆனின் அப்பா ஓட்டோ ஃபிராங்க் அதில் அதிகாரி. இதை மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள், மிச்சத்தை மாணவர்களே கேட்பார்கள்.

எடுத்த எடுப்பில் வதைமுகாம் படங்களைக் காட்டுவதும் வேண்டாம். பிள்ளைகள் அழுவார்கள், ஆனால் நிலைமை அங்கே எப்படி வந்து சேர்ந்தது என்பது புரியாது. யூதர்களுக்கு என்னென்ன விதித்தார்கள் என்று 1942 ஜூன் 20 குறிப்பில் ஆனே பட்டியல் போடுகிறாள்: மஞ்சள் நட்சத்திரம் அணிய வேண்டும், சைக்கிளை ஒப்படைக்க வேண்டும், டிராமில் ஏறக் கூடாது, கடைக்குப் பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்துக்குள் போய்வர வேண்டும். இதை நிறுத்தி நிதானமாக வாசிக்கச் சொல்லுங்கள். சைக்கிளைப் பிடுங்கிக்கொள்வது என்றால் என்ன என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம், "ஜெர்மன்காரர்களே அப்படித்தான்" என்று முடிப்பது. அது இன்னொரு முத்திரை. ஆன் பிறந்ததே ஃபிராங்க்ஃபர்ட்டில்தான். ஆன் குடும்பத்தைப் பிடிக்க வந்தவர்களில் டச்சுப் போலீஸாரும் உண்டு. ஒளித்துவைத்துச் சோறு போட்டவர்களில் வியன்னாவில் பிறந்த மீப் கீஸும் உண்டு.

மனிதர்கள் உள்ளுக்குள் நல்லவர்களே என்ற வரியைச் சுவரொட்டியாக ஒட்டுகிறவர்கள், 1944 ஜூலை 15 தேதியிட்ட அந்தக் குறிப்பை முழுசாக வாசிப்பது நல்லது. தங்களையும் அழிக்க வரும் இடியோசையைப் பற்றியும் அதிலேயே எழுதியிருக்கிறாள். மூன்று வாரத்துக்குள் கைதாகிவிட்டாள்.

பாதி வகுப்புக்கு நட்சத்திரம் குத்தி நடிக்கவைக்கும் விளையாட்டு வேண்டவே வேண்டாம். வாஷிங்டனில் உள்ள ஹோலோகாஸ்ட் (நாஜிகள் நடத்திய யூத இனப்படுகொலை) அருங்காட்சியகமும் ஆசிரியர்களுக்கு இதைத்தான் சொல்கிறது. கொஞ்ச நேரத்தில் கேலியும் சிரிப்புமாகிவிடும். வகுப்பில் ஏற்கெனவே யாரை ஒதுக்குகிறார்களோ, அந்தப் பிள்ளைக்குத்தான் முதல் நட்சத்திரத்தைக் குத்துவார்கள்.